திரைக்குப் பின்னால் ஜெயசீலன்

எதிர் ஃபிளாட்டில் புனிதா பெட்டி கட்டுகிறாள் என்று தெரிந்ததும், துடைத்த வாசலையே மறுபடி துடைக்கப் போனேன். வேறு காரணமில்லை.

அவள் தம்பியை அவள் புருஷன் ஜெயசீலன் கோபத்தில் "ஓசிச் சோத்து மகராசன்" என்று சொல்லிவிட்டான். சொன்னவன் மறந்தாலும் பேசுவதையெல்லாம் பதிந்துவைக்க வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கும் காவல்பெட்டி மறக்குமா? புனிதா சமாதானமாகும்போதெல்லாம் அவன் குரலிலேயே அதை எடுத்துப் போட்டது. இப்போதெல்லாம் எந்த வீட்டுச் சண்டையும் முடிவதில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

அவர்கள் கதவு திறந்தே இருந்தது. புனிதா பையோடு கூடத்துக்கு வந்தாள். ஜன்னல் திரைக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன.

"ஜெயசீலன் ஒளிந்திருக்கிறார்," என்றது காவல்பெட்டி.

புனிதா அந்தக் கால்களையே பார்த்தாள். "பூனையா இருக்கும்," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் ஞாயிறெல்லாம் அவர்கள் இருவரும் டிவியில் ஆடிய உளவாளி வீடியோ கேமில் காவலாளி பேசும் வசனம் அது. ஒற்றனின் கால் கண்ணெதிரே தெரிந்தாலும் அப்படிச் சொல்லிவிட்டு, எல்லாம் மறந்து போய்விடுவான். "இந்த கேம செஞ்சவனுக்கு மூளையே இல்லையா?" என்று புனிதா கத்துவது என் அடுப்படி வரை கேட்கும்.

"பூனை அல்ல. ஜெயசீலன். சென்ற வாரம் அவர் கூறியது..."

"பூனைதான்னு சொல்றேன்ல!"

பையைப் போட்டுவிட்டு அவளும் திரைக்குள் நுழைந்தாள். இப்போது கீழே நாலு கால் தெரிந்தது. பூனை என்றால் அத்தனை இருக்க வேண்டியதுதானே.