நீலக் கல்லின் ஈரம்

“அந்த நீலக் கல்லுக்குக் கீழ எங்க அப்பா பேர எழுதுங்க. அப்புறம் வேலையப் பத்திப் பேசலாம்.” இதை மட்டும் கேட்டுவிடாதே என்று வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டு வந்த குவாரித் தொழிலாளி ஒத்தாவியோ, தொப்பியை மார்போடு அணைத்தபடி மகள் ஃபியோரெல்லாவைப் பார்க்கிறார். ரோமுக்குத் தெற்கே, அணைந்த எரிமலையின் சரிவில், குவாரி முதலாளி தக்கோனியின் கூடம். திரைச்சீலை வழியே வரும் மாலை வெயில் கண்ணாடி அலமாரிக்குள் இறங்கிக் கற்களின் மேல் படுத்துத் தூங்குகிறது. ஒவ்வொரு கல்லின் கீழும் கண்டெடுத்தவர் என்று தக்கோனியின் பெயர்தான் இருக்கிறது. இந்த அலமாரியைப் பார்த்துக்கொள்ளத்தான் அவருக்குப் படித்த பெண் வேண்டுமாம்.

“பொண்ணு எல்லாம் படிச்சிருக்கா, மரியாதையத் தவிர,” என்று சிரிக்கிறார் தக்கோனி. “குவாரி என்னுது. அதுல கிடைக்கிற கல்லும் என்னுது.”

“கல்லு உங்களுதுதான் முதலாளி. அதப் பாத்த கண்ணு எங்க அப்பாவோடது.”

ஃபியோரெல்லா அலமாரியைத் திறந்து அந்தக் கல்லை எடுக்கிறாள். தூசி படிந்து சாம்பல் நிறத்தில் இருக்கிறது. குவாரியில் கல்லின் நிறம் பார்க்க அப்பா செய்வதைப் போலவே அதை நாக்கால் நக்குகிறாள். “சீ!” என்று முகம் சுளிக்கிறார் தக்கோனி. ஈரம் பட்ட இடத்தில் நீலம் மெல்லக் கண் விழிக்கிறது; வெயில் அதற்குள் புகுந்து ஒத்தாவியோவின் காய்த்த விரல்களில் நீலப் பொட்டாய் அசைகிறது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“வேலை வேணுமேம்மா,” என்று மட்டும் முனகுகிறார்.

“எனக்கு வேணாம்ப்பா.” கல்லை அப்பாவின் அந்தக் கையிலேயே வைத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் அவள் வாசலைத் தாண்டிப் போகிறாள்.