பக்கத்துக் கட்டில் மூச்சு

“சிஸ்டர், அந்தம்மாவைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க. காதைக் குடையுது!”

பிரசவ அறைக்குள் வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் இவள் புகார் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஒரு பச்சைத் திரை. இவள் “அம்மா!” என்று அலறினால் போதும், திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மூக்கால் நீளமாக இழுத்து, வாயால் ‘ஊ...’ என்று ஊதத் தொடங்கிவிடுவாள்.

“நான் கத்தினா அவங்களும் ஆரம்பிச்சுடறாங்க. என்ன, போட்டியா?”

நர்ஸ் சிரிக்கவில்லை. “நீ உன் மூச்சைப் பாரும்மா.”

மூச்சு! வருஷம் முழுக்க நீச்சல் குளத்தில் ஊரார் பிள்ளைகளுக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுப்பதுதான் இவள் பிழைப்பு. பிரசவ மூச்சுப் பயிற்சிக்கும் ஆறு வாரம் கணவனோடு போய் வந்தாள். எண்ணிக்கை சொல்வது அவன் பொறுப்பு. அவனோ பஸ் டிரைவர். ஏறியவர்களை நடுவழியில் இறக்கிவிட்டா ஓடி வர முடியும்?

அடுத்த வலி வந்தது. படித்ததெல்லாம் காற்றோடு போனது. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்கினாள்.

“அடக்காதே! விடு! உள்ள இருக்கிற குழந்தைக்கும் காத்து வேணும்ல?” நர்ஸ் பதறிப்போய் குழந்தையின் இதயத் துடிப்பைக் காட்டும் கருவியைப் பார்த்தாள். எண் இறங்கிக்கொண்டிருந்தது.

“எல்லாம் மறந்துபோச்சு சிஸ்டர்! என்னால முடியாது! என் பிள்ளைக்கு ஏதாவது ஆயிடப்போகுது...”

“ஏய், பொண்ணே!” அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “எனக்கும் வலி வருது. தனியா ஊத பயமா இருக்கு. சேர்ந்து ஊதுவோமா? மூக்கால இழு... ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இப்ப சூடான காபியை ஆத்துற மாதிரி மெதுவா விடு... ஊ...”

கோபப்படக்கூட நேரமில்லை. இழுத்தாள். விட்டாள். கருவியில் எண் மெல்ல ஏறியது.

“அப்படித்தான். தோளை இறுக்காதே. தளர விடு.”

நடுவில் ஒருமுறை சக்கர நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. “போலாமாக்கா?” என்று யாரோ கூப்பிட்டார்கள். “இப்ப வேணாம், அப்புறம் வா,” என்றது அதே குரல். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலி மறுபடி வந்தது, மறுபடி திரும்பிப் போனது.

ஆபரேஷனுக்குக் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது, பயந்துகொண்டு அடம்பிடிக்கிறாள் என்று நினைத்தாள் இவள். ஆனால் போகட்டும் என்று சொல்ல மனம் வரவில்லை. அந்தக் குரல் போய்விட்டால் தன் மூச்சும் கூடவே போய்விடும் என்று பயமாக இருந்தது.

“அக்கா, இருக்கீங்களா?”

“எங்க போகப்போறேன்? இழு... ஒண்ணு, ரெண்டு...”

மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஆண் குழந்தை வீரிட்டு அழுதது. நெஞ்சின்மேல் போட்டதும் இவளும் அழுதாள். ஆனந்தம் தாங்கவில்லை.

எல்லாம் முடிந்து ஆசுவாசமானபோது திரைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“சிஸ்டர், அக்கா எங்க? கடைசியில ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டீங்களா? வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மன்னிப்புக்கூடக் கேக்கல. இன்னும் வலியில இருந்தா சொல்லுங்க, பக்கத்துல இருந்து நான் எண்ணிக்கை சொல்றேன். என்னை அங்க தள்ளிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்.”

நர்ஸ் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.

“அவங்களுக்கு ஏது வலி? நீ வர்றதுக்கு முன்னாடியே, காலையில எட்டு மணிக்கே பொண்ணு பொறந்தாச்சு. எடை கம்மின்னு உடனே மாடியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுட்டோம். உங்கிட்ட சொன்னா நீ கூச்சப்பட்டு அவங்களை அனுப்பிடுவியாம், சொல்லவே கூடாதுன்னுட்டாங்க. நாற்காலி ரெண்டு தடவை வந்துச்சே, அது பெத்தவளைப் பிள்ளைகிட்ட கூட்டிட்டுப் போக வந்ததும்மா. இப்பத்தான் போறாங்க, அது முகத்தை முதல் தடவையாப் பார்க்க.”