மாமா எழுந்திருக்கவே இல்லை

தண்ணி கேனை அக்கா ஒரு கையால் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். தோளில் கைக்குழந்தை.

மாமா சோபாவில் இடிச்சபுளி மாதிரி கிடந்தார். கண் டிவியில்.

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெராக்ஸ் கடையில் லீவு சொல்லிவிட்டு, அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்திருந்தாள். இன்றைக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்.

“பால் குடுக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது” என்று அம்மா அடித்துச் சொல்லியிருந்தாள். அந்த உத்தரவாதம்தான் இப்போது அக்கா தோளில் கிடக்கிறது. மூத்தவனுக்கே இன்னும் நடை சரியாக வரவில்லை. அதற்குள் இன்னொன்று வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

“கிளம்புக்கா.”

“நான் வரலைடி. ஆபரேஷன் வேணாம்.”

“யாரு சொன்னது?”

அக்கா சோபாவைப் பார்த்தாள். “அவர்தான் வேணாம்னுட்டார்.”

“ஏன் மாமா, இன்னொண்ணு கேக்குதா உங்களுக்கு? அக்கா என்ன மெஷினா?”

மாமா காதில் விழாத மாதிரி சேனலை மாற்றினார்.

மூத்தவன் தத்தித் தத்தி வந்து அவர் முன்னால் இரண்டு கையையும் நீட்டினான். “அப்பா, தூக்கு.”

“அம்மாகிட்டப் போடா செல்லம்.”

“பெத்த பிள்ளையைத் தூக்கக்கூட வலிக்குதா? நல்லா இருக்கு உங்க குடித்தனம்! கஷ்டம் ஒருத்திக்கு, சொகுசு ஒருத்தருக்கு.”

மாமா முகம் சிவந்தது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“வாயை மூடுடி!” அக்கா அவளைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

“நீ இப்படியே அவரைத் தாங்கு. அடுத்த வருஷம் மூணாவதைப் பெத்துட்டு என்னைக் கூப்பிடு, வர்றேனா பாரு.”

“மெதுவாப் பேசு. ஆபரேஷன் முந்தாநாளே முடிஞ்சிடுச்சு.”

“முடிஞ்சிடுச்சா? நீ நல்லா நடமாடிக்கிட்டுத்தானே இருக்கே!”

அக்கா கதவைச் சாத்தினாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

“எனக்கு இல்லைடி, அவருக்கு. ரெண்டு பெத்தவ உடம்புல கத்தி வேற வைக்கணுமான்னு, தானே போய்ப் பண்ணிக்கிட்டு வந்துட்டார். மச்சினிகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு கூச்சப்பட்டுத்தான், நீ திட்டத் திட்ட வாங்கிக்கிட்டுக் கிடக்கார்.”