சதைப்பிடிப்பு

"பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா, நீ என் வீட்டுப் படி ஏறாதே."

பேருந்து கிளம்பும்போது சன்னலோரம் வந்து கணவன் சொன்னது அவ்வளவுதான். அவள் மடியில் நெளிந்த மகளை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

மகளுக்கு ஊர் வைத்த பெயர் குச்சி. கையும் காலும் அப்படி. போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தை வாடி வதங்கிச் செத்துப்போனது. அதிலிருந்து குச்சியைப் பார்க்கிறவர்களெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அடுத்தது யார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை.

பக்கத்தில் கொழுந்தனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அடுத்த குழந்தை வயிற்றில் இருந்தது. அதைக் காட்ட அவளும் ஆஸ்பத்திரிக்குத்தான் வருகிறாள். மடியில் மூத்த மகன். குச்சிக்கும் அவனுக்கும் ஒரே வயசு. கன்னம் உப்பி, கண்ணே தெரியாத முகம். ஊரே அவனைப் பூசணி என்றுதான் கொஞ்சும்.

"ஒரே அடுப்புதானே அக்கா எரியுது நம்ம வீட்டுல? இவன் மட்டும் எப்படித் தேறினான்?"

"நானும் பிசைஞ்சு ஊட்டத்தான் செய்யறேன். என்ன பண்ணச் சொல்றே?"

"அவ எங்க ஒரு இடத்துல உக்காந்து திங்கறா? இங்க ஒரு முட்டை, அங்க நாலு கடலைன்னு வீடு வீடா மேய்ஞ்சுட்டு வர்றா. இவனுக்கு நான் எதையும் கண்ணுல காட்டறதில்ல. சர்க்கரை போட்டு நீர்க்கக் கஞ்சி, அவ்வளவுதான். அடுத்தது வயித்துல நின்னதும் தாய்ப்பாலை மறக்கடிச்சேனா, அப்புறம் காய்ச்சல்ல விழுந்து துரும்பா இளைச்சானே! காய்ச்சல் விட்டதும் பாருங்க, எப்படிச் சதை போட்டுட்டான்!"

குத்திக்காட்டத்தான் சொன்னாளா, பெருமையில் சொன்னாளா, தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் கர்ப்பிணி இறங்கச் சிரமப்பட்டாள். மூத்தவளான குச்சியின் அம்மா பூசணியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பையன் அழவும் இல்லை, அம்மாவிடம் போகக் கை நீட்டவும் இல்லை. திருப்பிக் கொடுத்தபோது, பிடித்திருந்த விரல்களின் தடம் அவன் காலில் குழி குழியாகப் பதிந்திருந்தது.

"ஐயோ, அழுத்திட்டேனா?"

"அதெல்லாம் இல்லக்கா. சதை அப்படி, மெத்துமெத்துன்னு." அவள் சிரித்தாள்.

கூடத்தில் பெஞ்சு நிறையக் கூட்டம். குச்சியைக் கண்டதும் ஒரு பெண் தன் குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். உள்ளே எங்கோ யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். பிறகு அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. அழுதபோது பயமாக இல்லை, நின்றபோதுதான் மூத்தவளுக்குப் பயம் வந்தது.

லேடி டாக்டர் சிரிக்கவில்லை. குச்சியின் கையைச் சுற்றி நாடா வைத்து அளந்தார். இமையை இழுத்துப் பார்த்தார். நிற்க வைத்து உயரம் பார்த்தார்.

"நான் பட்டினி போடல டாக்டர். சத்தியமா போடல," என்றாள் மூத்தவள், யாரும் கேட்காமலே.

டாக்டர் இரண்டு பொட்டலங்களைப் பிரித்தார். பசியைப் பார்க்கத் தரும் கடலை விழுது. ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். குச்சி தன்னுடையதை வழித்து நக்கிவிட்டுப் பூசணியுடையதற்கும் கையை நீட்டினாள். பூசணி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அவன் சமத்து டாக்டர், அலைய மாட்டான்," என்றாள் அவன் அம்மா.

டாக்டர் எழுந்து வந்து இரண்டு குழந்தைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்த விதமே சரியில்லை. வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"சிஸ்டர், கட்டில் காலியா இருக்கா?"

"ஓரமா ஒண்ணு இருக்கு டாக்டர்."

"போர்வை எடுங்க. உடம்பு சில்லிட்டுடக் கூடாது. பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க, உடனே."

மூத்தவள் மகளை வாரி மார்போடு அணைத்தாள். "பிரிச்சுடாதீங்க டாக்டர். நானும் கூடவே இருக்கேன். கீழ படுத்துக்கறேன்..."

அதுவரை வாயடித்தவளுக்கும் இப்போது கண் நிறைந்துவிட்டது. ஒரு கையால் மகனைப் பிடித்தபடி மறு கையால் அக்காவின் தோளைத் தொட்டாள். "அழாதீங்கக்கா. நான் இருக்கேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் பேசறேன்."

நர்ஸ் போர்வையோடு வந்தாள். குச்சியைக் கடந்து போனாள். கர்ப்பிணியின் மடியிலிருந்து பூசணியைத் தூக்கிப் போர்வையில் சுற்றினாள்.

"சிஸ்டர், இவன் இல்ல! அந்தப் பொண்ணு!"

"அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. உடம்புவாகு அப்படி," என்றார் டாக்டர். "பசிக்குது, திங்கறா, ஓடறா. நல்லா இருக்கா."

"அப்ப இவனை எதுக்குத் தூக்கறீங்க? பாருங்க டாக்டர், எப்படிக் கொழுகொழுன்னு இருக்கான்!"

டாக்டர் அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். தானும் எதிரே உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"பையன் சதை போடலம்மா, சத்தில்லாம வீங்கியிருக்கான்."