மாவுக்கட்டு

“இன்னும் ஒரு மாசத்துக்கு அந்த மாவுக்கட்டைக் கழட்டாதீங்க டாக்டர்.”

எலும்பு டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே நின்றவரின் சட்டைப் பையில் டெஸ்டர் செருகியிருந்தது. உள்ளே வந்ததும் கதவைச் சாத்தியவர், மறுபடி திறந்து வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்திருந்தார்.

“நீங்க யாரு?”

“வெளியில பெஞ்சுல கால்ல கட்டோட உட்கார்ந்திருக்காளே, ஒல்லியா, அவ அப்பா. எலக்ட்ரீஷியன். தண்ணி குடிச்சிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நான் இங்க வந்தது அவளுக்குத் தெரிய வேண்டாம்.”

மகளின் வியாதியைவிட மகளுக்குத்தான் இப்போது அவர் அதிகம் பயந்தார்.

“கட்டு போட்டு மாசத்துக்கு மேல ஆச்சு. இன்னும் வச்சிருந்தா கால் விறைச்சுப் போயிடும். சதையும் கரைஞ்சிடும். எதுக்குக் கழட்ட வேண்டாங்கறீங்க?”

“கழட்டினா ஓடுவா.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

“முதல்ல எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. பொண்ணு விடியறதுக்குள்ள எழுந்து ஓடறாளேன்னு போற வீட்டுலயெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் சாயங்காலமும் ஓடினா. மழையில ஓடினா, காய்ச்சல்ல ஓடினா. ஒரு வாய் கூடுதலா சாப்பிட்டா, அதுக்குத் தண்டனையா ஒரு ஓட்டம். கடைசில சாப்பாடு போச்சு, ஓட்டம்தான் மிஞ்சிச்சு.”

“நீங்க யாரும் சொல்லிப் பார்க்கலையா?”

“சொல்லாம இருப்போமா? அவ அம்மா கெஞ்சினா, நான் கத்தினேன். வீட்டுக்குள்ள ஓடற மெஷின் ஒண்ணு வாங்கி வச்சிருந்தா. அதுல ஒரு ஒயரைப் பிடுங்கி விட்டுட்டு, ரிப்பேரு, இனிமே தேறாதுன்னு சொன்னேன். என் தொழிலே அதுதானே, நம்பிடுவான்னு நினைச்சேன். மறுநாள் குளியலறையைப் பூட்டிக்கிட்டு நின்ன இடத்துலயே ஓடறா. சத்தம் கேக்கக் கூடாதுன்னு குழாயைத் திறந்து விட்டுட்டு.”

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பெற்றவர்களின் தந்திரமெல்லாம் பிள்ளைகளிடம் எத்தனை நாள் செல்லும்?

சின்ன வயதில் அவளுக்குக் கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு நிற்கும். தக்காளி என்றுதான் கூப்பிடுவார். இப்போது தோளில் கை வைத்தால் எலும்புதான் தட்டுப்படுகிறது. அந்தப் பெயரைச் சொல்ல வாய் வராமல், ‘இந்தாம்மா’ என்று ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறார்.

“அன்னிக்கு ஒரு வாடகைக் கார்ல கட்டோட வந்து இறங்கினா. ஓடும்போது விழுந்துட்டேன், எலும்புல விரிசல், காலை ஊணவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்கன்னா. அவ அம்மா நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதா. ஆனா டாக்டர், எனக்கு உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சு. பொண்ணு கால் உடைஞ்சு வந்து நிக்கிறா, பெத்தவன் நிம்மதியா மூச்சு விடறேன். இப்படி ஒரு அப்பன் இருப்பானா?”

டாக்டர் மூடிய பேனாவை விரல்களுக்கிடையே உருட்டினார்.

“ஓட முடியாததால ஒரேயடியா சாப்பாட்டை விட்டுடுவாளோன்னு பயந்தோம். முதல் வாரம் அப்படித்தான் இருந்தா. தட்டை வச்சா சுவரையே பார்த்துக்கிட்டிருப்பா. அப்புறம் ஒரு நாள் கொஞ்சம் பால் கேட்டா. இன்னொரு நாள் ஒரு முட்டை. போன வாரம் எங்களோட சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டா டாக்டர். அழுதுகிட்டேதான் சாப்பிட்டா. ஆனா சாப்பிட்டா.”

டாக்டர் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் அதைத் தொடவில்லை.

“அந்தக் கட்டுதான் எங்க பொண்ணைக் காப்பாத்திக்கிட்டிருக்கு. எலும்பு இன்னும் சேரலன்னு ஒரே ஒரு பொய் சொல்லுங்க. உங்க ஆஸ்பத்திரிக்கு ஆயுசுக்கும் நான் சும்மாவே ஒயரிங் வேலை பார்த்துத் தரேன்.”

“இன்னிக்குக் கழட்டியே ஆகணும். கழட்டின கையோட ஒரு மனநல டாக்டர்கிட்ட அனுப்பறேன். சாப்பாட்டுலயும் ஓட்டத்துலயும் இப்படி மாட்டிக்கிட்டவங்களைத்தான் அவங்க பார்க்கறாங்க. பேசி வச்சிருக்கேன்.”

“அவளாவது வரதாவது. நீங்க வேற. போன வருஷம் கூப்பிட்டதுக்கு, எனக்கு என்ன பைத்தியமான்னு கேட்டவதான், அதுக்கப்புறம் எங்கிட்ட முகம் குடுத்தே பேசல. தனக்கு வியாதின்னே ஒத்துக்க மாட்டா. அவ நல்லாகணும்னு எங்களுக்குத்தான் ஆசை. அவளுக்கு இல்ல.”

“வருவா.”

“எதை வச்சு அப்படிச் சொல்றீங்க?”

டாக்டர் எழுந்து வந்து ஒரு நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டார். “முதல்ல உட்காருங்க. இதை நானே உங்ககிட்ட சொல்லிடணும்னு காலையில போன் பண்ணிக் கேட்டுக்கிட்டா. அவளுக்கு வாய் வரலயாம்.”

அவர் மெல்ல உட்கார்ந்தார்.

“என் தொழில்ல செய்யக் கூடாத ஒண்ணை அன்னிக்குச் செஞ்சேன். செய்யாம அனுப்பியிருந்தா, இந்த வாசல்லேர்ந்தே ஓட ஆரம்பிச்சிருப்பா. அவ எங்கயும் விழலங்க. அந்தக் கால்ல ஒரு கீறல்கூட இல்ல. தானா நடந்து உள்ள வந்து, ‘என்னால நிறுத்த முடியல டாக்டர், ஒரு கட்டு போட்டு விடுங்க’ன்னு இந்த மேஜையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா.”