நூற்றைத் தாண்டிய துடிப்பு

சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். இதில் ஒரு சொல்கூடக் கைச்சரக்கு இல்லை.

சட்டைப்பை கூவியது.

ஆணி நிறுத்துக்கொண்டிருந்த தவசிலிங்கம் தராசை அப்படியே விட்டுவிட்டுக் கைபேசியை எடுத்தார்.

எழுபதில் கிடந்த எண் நூற்றைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி சண்முகக்கனியின் இதயத் துடிப்பு.

அவள் வீட்டில். அவர் தென்காசி கடைத்தெருவில், இரும்புக்கடையில்.

எவன் வந்திருக்கிறான்?

கல்யாண நாளுக்கு அவர் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் அது. மணி காட்டும். நெஞ்சையும் காட்டும். மணி அவளுக்கு, நெஞ்சு அவருக்கு. தம் கைபேசியோடு அதை இணைத்து, நூற்றைத் தாண்டினால் கூவும்படி வைத்திருந்ததை அவர் அவளிடம் சொல்லவில்லை. பரிசு கொடுக்கிறவர்கள் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

தினமும் முற்பகலில் துடிப்பு ஏறியது.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும் இறங்கியது.

ஏறியதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். இறங்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

“இன்னிக்கி யாரும் வந்தாகளா?”

“யாரு வருவா? நானும் கிடாவுந்தான்.”

கொல்லையில் ஒரு கிடா கட்டியிருந்தது. சுடலைமாடனுக்கு அவள் நேர்ந்துவிட்டது. எதற்காக என்று அவர் கேட்டதில்லை.

ஓரக்கண்ணால் எண்ணைப் பார்த்தார். எழுபது. அசையவில்லை. அப்படியானால் நன்றாகப் பழகிப்போன பொய்.

தண்ணீர் கேன் போடுகிறவனைச் சந்தேகப்பட்டார். அவனை நிறுத்திவிட்டுத் தாமே கேனைச் சுமந்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டது. துடிப்பு ஏறியது.

எதிர்வீட்டுப் பாட்டு வாத்தியாரைச் சந்தேகப்பட்டார். வாத்தியார் வீட்டைக் காலி செய்துகொண்டு மதுரைக்கே போய்விட்டார். அப்போதும் ஏறியது.

கடைசியில், கூடத்தில் மாலையோடு தொங்கும் தம் சொந்த அண்ணன் படத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பி மாட்டினார்.

மறுநாள் கொஞ்சம் கூடுதலாகவே ஏறியது.

கைபேசி காட்டிய துடிப்புக் கோடுகளையெல்லாம் அச்செடுத்து, கட்டாகக் கட்டி, வக்கீலிடம் கொண்டுபோனார். குற்றால மலை மாதிரி மேலும் கீழுமாக இருந்தன.

“அண்ணாச்சி, துடிச்சது தெரியுது. யாருக்காகத் துடிச்சதுன்னு இதுல எங்க போட்டிருக்கு?”

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“அவங்களுக்குத் தெரியாம அவங்க நெஞ்சுக்குள்ள பூந்து எடுத்திருக்கீக. ஜட்ஜு மொதல்ல ஒங்களத்தான் கூண்டுல ஏத்துவாரு.”

அடுத்த நாள் சட்டைப்பை கூவியதும் கல்லாவைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினார்.

கதவு சாத்தியிருக்கவில்லை.

கூடத்தில் ஆளில்லை. கொல்லையில் அவள் சிரிப்புச் சத்தம். தம்மிடம் அப்படி அவள் சிரித்து அவருக்கு நினைவில்லை.

எட்டிப் பார்த்தார்.

கிடா பின்னங்கால்களில் எழும்பி நின்று, அவள் உயர்த்திப் பிடித்த அகத்திக்கொத்துக்குத் தாவிக்கொண்டிருந்தது.

அதன் முன்னங்காலில் கடிகாரம்.

“வாங்க,” என்றாள் சண்முகக்கனி, திரும்பாமலே. “ஒங்க சக்களத்தன் இங்கனதான் நிக்கான்.”

அவர் கை சட்டைப்பைக்குப் போனது.

“நான் தும்முனா ஒங்க சட்டைப்பை கூவுது. அதுகூடவா எனக்கு வெளங்காது? அன்னைக்கே கழத்தி இவனுக்குக் கட்டிட்டேன். நீங்க வார நேரத்துக்கு மட்டும் என் கையில.”

துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். இத்தனை மாதமும் ஓர் அகத்திக்கொத்தின் மேல் பொறாமை.

கிடா அவரை ஒருமுறை பார்த்துவிட்டு மென்றது.

“ஒருதரம் நீ கட்டு,” என்றார். “நான் பக்கத்துல இருக்கும்போது.”

அவள் அவிழ்த்துத் தன் கையில் கட்டிக்கொண்டாள். அவரைப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

எழுபது.

எண்பது.

சட்டைப்பை கூவியது.

மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். வக்கீலிடம் காட்டிய கட்டை வெந்நீர் அடுப்பில் போட்டார். அண்ணனைத் திருப்பி மாட்டினார். கைபேசியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

புருஷனின் சந்தேகம் தீர்ந்தால் வெட்டுவதாக நேர்ந்த கிடாவாம் அது. சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவன்று வெட்டினார்கள். தெருவே சாப்பிட்டது. அவர் மட்டும் கறியைத் தொடவில்லை. அவ்வளவு நாள் பொறாமைப்பட்ட ஒருவனை எப்படி மெல்லுவது?

அதற்குப் பிறகு அவர் வீட்டில் சண்டை என்று எவரும் கேட்டதில்லை.

அந்தக் கடிகாரத்தை வாழைத்தண்டில் கட்டினாலும் துடிப்பு காட்டும்.