திங்கட்கிழமைக் கடிதம்

கட்டில் விளிம்பில் அவன். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் கொடுத்திருந்தான். அப்படி வைத்தால்தான் நடுக்கம் தெரியாது.

வாசற்படியில் அவனுடைய அம்மா. மடியில் முறம், முறத்தில் அவரைக்காய்.

தையல் மெஷின் முன்னால் அவன் மனைவி. அந்த வீட்டில் வைத்து எழுதுவதற்கு அது ஒன்றுதான் இருந்தது.

அனுப்புநர்: சி. அங்கப்பன், நூற்புப் பிரிவு. பெறுநர்: மில் மேலாளர் அவர்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி ஓரம் விட்டு, தேதி போட்டு, அவனுக்காக அவள் எழுதும் விடுப்புக் கடிதம்.

காரணம் எழுதும் இடத்தில் பேனா நின்றது.

போன தடவை என்ன எழுதினோம்?

கார்பன் பிரதிகளை எடுத்தாள். ஒன்றைக்கூட அவள் தூக்கிப்போட்டதில்லை. காய்ச்சல். வயிற்றுப்போக்கு. பெரியம்மா இறப்பு. காய்ச்சல். மறுபடியும் பெரியம்மா இறப்பு.

ஒரே பெரியம்மாவை இரண்டு தடவை சாகடித்திருந்தாள்.

சிரிப்பு வந்தது. தேதிகளைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

போன வருடம் எல்லாம் திங்கட்கிழமை. பொங்கலுக்குப் பிறகு திங்களும் செவ்வாயும். இந்த மாதம் கிழமைக் கணக்கே இல்லை.

எல்லாம் அவள் கையெழுத்து. கொஞ்சமும் கோணாத கையெழுத்து.

"இன்னும் என்ன ரோசனை புள்ள? அம்மா செத்துப்போச்சுன்னு எழுதிப்போடு," என்றான்.

அவரைக்காய் ஒடியும் சத்தம் நின்றது.

பிறகு மறுபடி கேட்டது.

"எழுதிக்க கண்ணு," என்றாள் மாமியார், நிமிராமல். "நானும் போயிட்டா அடுத்த திங்கக்கெழமைக்கு ஆரு இருக்கறாங்க?"

அவன் கை ஒன்று நழுவி வெளியே வந்து ஆடியது. நேற்றிலிருந்து தொடவில்லை என்று சத்தியம் செய்திருந்தான். குடித்தால் நிற்கிறது. குடிக்காவிட்டால் ஆடுகிறது. இது திமிரா, சீக்கா?

'உடல்நிலை சரியில்லாத காரணத்தால்' என்று எழுதினாள். இத்தனை நாள் எழுதிய அதே பொய்.

பொய்தானா?

அவளுக்குத் தெரியவில்லை.

'ஒரு நாள்' வர வேண்டிய இடத்தில், 'பெரியாஸ்பத்திரியில் சேர்த்துக் குடியை நிறுத்த வைத்தியம் பார்க்க, ஒரு மாதம்' என்று எழுதினாள்.

இதுவரை கையெழுத்தையும் அவளே போட்டுவிடுவாள். இன்று பேனாவை அவனிடம் நீட்டினாள்.

வெகுநேரம் படித்தான்.

"வேலை போயிரும் புள்ள."

அவள் பேனாவை நீட்டிய கையை மடக்கவில்லை.

அவன் பெயர் கோட்டுக்கு மேலும் கீழுமாக விழுந்தது. அதைப் பார்க்கிற யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

உறைக்குள் வைத்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டினாள்.

மாமியார் முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். உறையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, மில்லைப் பார்த்து நடந்தாள்.